குயில்ட்டுகளுக்கு ஓர் அருங்காட்சியகம்

'குயில்ட்' என்ற சொல்லை முதன்முதல் கேட்டபோது பாடும் குயிலை நினைத்துச் சிரித்தோம். உண்மையில் அது ஒரு போர்வை. மேலே ஒரு துணி, நடுவே பஞ்சு, அடியில் மற்றொரு துணி. மூன்றும் நழுவாதபடி நெருக்கமாக ஓட்டுத் தையல். மேல்துணி பெரும்பாலும் சிறுசிறு துண்டுகளை இணைத்ததாக இருக்கும். நம் பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பார்களன்றோ, அதற்கு இது உறவு எனலாம்.

இப்போர்வைகளுக்கென்றே அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் ஓர் அருங்காட்சியகம் உள்ளது. ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதியர் தாம் சேர்த்த ஏறத்தாழ 950 குயில்ட்டுகளை 1997-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர். 2008-இல் தனிக் கட்டடம் எழுந்தது. இன்று பல நாட்டுப் போர்வைகள் ஆயிரக்கணக்கில் அங்குள்ளன.

துணியைக் காப்பது எளிதன்று. வெளிச்சத்தில் வெளுத்த சாயம் திரும்ப வராது. ஆகவே இத்தகைய காட்சியகங்களில் விளக்கொளியைக் குறைத்து, சில மாதங்கள் மட்டுமே ஒரு குயில்ட்டைக் காட்டிவிட்டு, இருட்டறையில் ஓய்வு கொடுக்கின்றனர். ஒரே மடிப்பில் நெடுநாள் வைத்தால் இழை முறியும். பழைய குயில்ட்டுகளில் பழுப்புத் துண்டுகள் மட்டும் பொடிந்திருப்பதைக் காணலாம். சாயம் பிடிக்கச் சேர்த்த இரும்புச் சத்தே துணியை அரித்துவிட்டது!

இவற்றைத் தைத்த பெண்களுள் பெயர் தெரியாதவரே மிகுதி. பெயர் நிலைத்தவருள் ஒருவர் ஹாரியட் பவர்ஸ். 1837-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். ஆதாம் ஏவாள், யாக்கோபின் ஏணி, இராவுணவு முதலிய வேதாகமக் காட்சிகளைப் பதினொரு கட்டங்களில் துணியால் வெட்டி ஒட்டித் தைத்தார். 1886-இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் அதைக் கண்ட ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் விலைக்குக் கேட்டார். என்ன விலைக்கும் தர மறுத்தார் ஹாரியட்.

சில ஆண்டுகளில் வறுமை வந்தது. சுத்தமான மாவுச் சாக்கில் சுற்றி, மாட்டுவண்டியில் தாமே கொண்டுவந்தார். பத்து டாலர் கேட்டார், கிடைத்தது ஐந்து. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு படத்தின் பொருளையும் அவர் சொல்ல, ஸ்மித் எழுதிவைத்தார். அக்குறிப்பு இல்லையேல் பல படங்கள் நமக்கு விளங்கா. குயில்ட் இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது.

விற்ற பின்னும் ஹாரியட் பலமுறை ஸ்மித்தின் வீடு தேடி வந்து, தம் குயில்ட்டைப் பார்த்துவிட்டுப் போனாராம்.