வாரம் ஒரு குரல்

மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிற்றூர். கோதுமை வயலுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த உழவர் ஒருவரின் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. பதிவு செய்யப்பட்ட குரல் என்று அறிந்ததும், விளம்பரம் என எண்ணித் துண்டிக்கப் போனார். 'கருவுற்ற பெண்' என்னும் சொல் காதில் விழவே நின்றார். அவருடைய மனைவிக்கு அது எட்டாம் மாதம். கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கையும் வீங்குதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்றது அக்குரல்.

அக்குரல் வந்த திட்டத்தின் பெயர் 'கில்காரி'. இந்தி வழங்கும் ஊர்களில் வளரும் மாணவர்க்கு இச்சொல் புதிதன்று. குழந்தை களிப்பில் எழுப்பும் ஒலியை அது குறிக்கும். தமிழில் 'மழலை' அதற்கு நெருங்கிய சொல்; ஆயினும் மழலை என்பது குதலைப் பேச்சு, கில்காரியோ பேச்சுக்கும் முந்திய ஒலி.

நடுவண் அரசின் நலவாழ்வுத் துறை 2016 சனவரியில் இத்திட்டத்தைத் தொடங்கியது. கருவுற்ற பெண்ணின் பெயரைச் செவிலியர் பதியும்போது கைப்பேசி எண்ணையும் கருவுற்ற காலக் கணக்கையும் குறித்துக்கொள்வார். அக்கணக்கின்படி, நான்காம் திங்கள் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறையும்வரை வாரம் ஒன்றாக 72 செய்திகள் வரும். பேசுபவர் 'டாக்டர் அனிதா' என்னும் கற்பனை மருத்துவர். எழுத்தறியாதவரும் கேட்கலாம். கட்டணம் இல்லை, இணையம் வேண்டா, பழைய பொத்தான் கைப்பேசியே போதும். விலை மிகுந்த கருவிகள் பலவற்றினும் இவ்வெளிமையே சிற்றூர்களுக்கு ஏற்றது.

வாரந்தோறும் ஏன் சொல்ல வேண்டும்? இரும்புச்சத்து மாத்திரையை 180 நாள் உண்ண வேண்டும் என்று ஒருமுறை கூறினால் யார் நினைவில் வைத்திருப்பார்? வயிற்றைப் புரட்டினால் நான்காம் நாளே நிறுத்திவிடுவோர் உண்டு. உரிய வாரத்தில் உரிய செய்தி வந்தால் அது மனத்தில் நிற்கும்.

ஆனால் குரல் யாரிடம் போய்ச் சேர்கிறது? 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, சிற்றூர்ப் பெண்களுள் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடையோர் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேரே. மற்ற வீடுகளில் தாய்க்குரிய செய்தி கணவரின் சட்டைப்பையில் ஊர் சுற்றும். பதிவில் ஓர் இலக்கம் பிழைத்தாலோ, முன்பின் அறியாத ஒருவர் அதைக் கேட்பார். மேலும், கைப்பேசிக் குரல் இரத்த அழுத்தத்தை அளக்காது. அதற்கு ஆள் வேண்டும். 2005இல் தொடங்கிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் வழியே ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவராக அமர்த்தப்பட்ட ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக நடக்கின்றனர். வடபுலத்து ஊர்களில் அவர்களைத் 'தீதி', அதாவது அக்கா, என்றே அழைப்பர்.

உழவர் பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பினார். கேட்டதை மனைவியிடம் கூறினார்.

"தலைவலி இரண்டு நாளாக இருக்கிறது. வேலை மிகுதியால் என்று நினைத்தேன்," என்றார் மனைவி.

உழவர் ஆஷா தீதியின் வீட்டுக்கு ஓடினார். தீதி வந்து வீங்கிய விரல்களைப் பார்த்தார். விடியட்டும் என்று சொல்லவில்லை. நலவாழ்வு நிலையத்தில் செவிலியர் இரத்த அழுத்தத்தை அளந்தார். 140/90 என்னும் எல்லையை அது வெகுவாகக் கடந்திருந்தது. 108 ஊர்தி வந்ததும், தாய்சேய் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தீதியும் உடன் ஏறினார்.

சொற்பொருள்
குதலை – குழந்தையின் திருந்தாப் பேச்சு
திங்கள் – மாதம்
இலக்கம் – எண்
வடபுலம் – வடநாடு

பயிற்சி
1. 'கில்காரி', 'மழலை' ஆகிய சொற்களிடையே உள்ள வேறுபாடு யாது?
2. கைப்பேசியால் இயலாத எப்பணியை ஆஷா பணியாளரும் செவிலியரும் செய்தனர்?
3. உழவர் அழைப்பைத் துண்டித்திருந்தால் அவ்விரவு எவ்வாறு கழிந்திருக்கும்? பத்து வரிகளில் எழுதுக.
4. நீங்கள் பிறந்தபோது உங்கள் தாய்க்கு அறிவுரை கூறியவர் யார், எம்மொழியில் கூறினார் என வீட்டில் கேட்டு எழுதுக.