வலசை வந்த விருந்தினர்

நுழையும்முன்

வாழ்வு தேடி ஒரு நிலத்தை விட்டு மற்றொரு நிலத்திற்குச் செல்வதைத் தமிழில் ‘வலசை போதல்’ என்பர். இச்சொல் மக்களுக்கும் பறவைகளுக்கும் பொதுவானது. பெங்களூருக்கு ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளையும், அவற்றுள் அரிதாகத் தோன்றுவனவற்றையும், அவற்றைக் கண்டோர் எழுதி வைக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆறு மணிக்குக் கூவும் பறவை

ஐப்பசித் திங்களில் பெங்களூரின் வீட்டுத் தோட்டங்களிலும் பள்ளி வளாகங்களிலும் சில நாள்களில் ஒரு வியப்பு நிகழ்வதுண்டு. மைனாவினும் சிறிய பறவை ஒன்று மரத்தடிச் சருகுகளுக்கிடையே தத்தித் தத்தி நடக்கும். பச்சை முதுகும், சிறகில் நீலத் திட்டும், கண்ணை ஒட்டிய கரும்பட்டையும், அடிவயிற்றில் சிவப்பும், குட்டை வாலும் கொண்ட அதனைக் கண்டோர், கூண்டிலிருந்து தப்பிய அயல்நாட்டுப் பறவை என்றே எண்ணுவர். அது தமிழர் நன்கறிந்த ஆறுமணிக்குருவி ஆகும். காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணி அளவில் குரல் கொடுப்பதால் அதற்கு இப்பெயர் வந்தது. தோட்டங்களில் மறைந்து திரிவதால் ‘தோட்டக்கள்ளன்’ என்றும் அழைப்பர். பல நிறங்களை உடையதால் இந்தி மொழியினர் ‘நவ்ரங்’ என்பர்.

இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. இரவில் பறந்து வருவதால் நகரத்தின் விளக்கொளியில் வழி தடுமாறுகிறது. கண்ணாடிச் சுவர்களில் மோதியும் விழுகிறது. அவ்வாறு விழுந்த பறவையைக் கையில் வைத்து விளையாடுதல் கூடாது. வாயில் நீர் ஊற்றுதலும் தவறாகும். காற்றுப் புகும் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில், இருளும் அமைதியும் உள்ள இடத்தில் சில மணி நேரம் வைத்தால், பெரும்பாலும் அது தெளிந்து பறந்து செல்லும். காயம் பட்டிருப்பின் வனவிலங்கு மீட்பு மையத்தினரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

வருவது எதற்காக?

பறவைகள் குளிரைத் தாங்க இயலாமல் வலசை வருகின்றன என்று பலர் கருதுகின்றனர். இறகுப் போர்வை உடைய பறவைக்குக் குளிரைவிடப் பசியே பெரும் பகை. வடநிலங்களில் ஏரிகள் உறைந்துவிடும், பூச்சிகள் மறைந்துவிடும், பகற்பொழுது சுருங்கிவிடும். இரை கிடைக்கும் நிலத்தைத் தேடியே அவை தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. சைபீரியா, மங்கோலியா, நடு ஆசியா ஆகிய பகுதிகளிலிருந்து இந்தியாவுக்கு வரும் வானவழி ‘மத்திய ஆசியப் பறவை வழித்தடம்’ எனப்படும். அது 30 நாடுகளைத் தழுவியது. பெங்களூரும் அவ்வழித்தடத்திற்குள் அமைந்துள்ளது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருக்குப் பெரிய ஆறு இல்லை. எனவே முன்னோர் மழைநீரைத் தேக்கி ஏரிகளை அமைத்தனர். மக்களுக்காக வெட்டப்பட்ட அந்த ஏரிகளே பறவைகளுக்கும் புகலிடம் ஆயின. ஹெப்பாள், ஜக்கூர், மடிவாளம் முதலிய ஏரிகளில் கார்த்திகை முதல் மாசி வரை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் போன்றவற்றைக் காணலாம். லால்பாக் மரங்களில் கதிர்க்குருவிகள் பூச்சி தேடும். வீட்டு மாடிகளிலும் ஓடைக்கரைகளிலும் வாலாட்டிகள் வாலை அசைத்தபடி நடக்கும். இவை ஆண்டு தவறாமல் வருவன.

அரிய வருகை

சில பறவைகள் ஆண்டுக்கு ஒரு முறையோ, பல ஆண்டுகளுக்கு ஒரு முறையோ மட்டுமே தோன்றும். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து அத்தகையது. இமயமலையைக் கடக்கும்போது அது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது செயற்கைக்கோள் கருவியால் அறியப்பட்டுள்ளது. கதக் மாவட்டத்து மாகடி ஏரிக்கும் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்கும் அது தவறாமல் வரும். பெங்களூர் ஏரியில் அது இறங்குமானால் பறவை ஆர்வலர்க்கு அன்று திருநாள்.

நகரின் வடமேற்கே அமைந்த ஹெசரகட்டாவில், அர்க்காவதி ஆற்றைத் தடுத்து 1894ஆம் ஆண்டில் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. அதன் அருகே பரந்த புல்வெளி உள்ளது. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் அப்புல்வெளியின் மேல் தாழப் பறந்து இரை தேடும். பகலிலும் வேட்டையாடும் குட்டைக்காது ஆந்தை புற்களுக்கிடையே தரையில் தங்கும். மிக அரிதாகிவிட்ட வரகுக்கோழியும் இங்குக் காணப்பட்டதுண்டு. வரகு விளையும் வயல்களில் திரிந்ததைத் தமிழ்ப் பெயரே நினைவூட்டும் இப்பறவை, இன்று உலகில் ஆயிரத்திற்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது.

மரம் இல்லாத நிலம் பயனற்ற நிலம் என்று எண்ணுவோர் பலர். ஹெசரகட்டாப் புல்வெளியில் திரைப்பட நகரம் அமைக்கவும் ஒரு காலத்தில் திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்கள் அதனை எதிர்த்தனர். அங்கு நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்கள் வாழ்வதை அவர்கள் தேதியோடும் ஒளிப்படத்தோடும் எடுத்துக்காட்டினர். அந்நிலத்தைக் காக்கும் முன்மொழிவு முதலில் ஏற்கப்படவில்லை. பின்னர் 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பைப் பாதுகாப்புக் காப்பகமாக்கக் கருநாடக மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் அளித்தது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிய சிறு குறிப்புகளும் ஒரு நிலத்தைக் காக்க உதவும் என்பதை இதனால் அறியலாம்.

கண்டதைக் கண்டவாறு எழுதுதல்

அரிய பறவையைக் கண்டேன் என்று சொல்வது எளிது, மெய்ப்பிப்பது அரிது. தொலைவில் பறக்கும் ஒன்றை விரும்பிய பெயரால் அழைக்கும் ஆசை எவர்க்கும் எழும். தவறான குறிப்பு ஒன்று பதிவாகிவிட்டால், பின்வரும் ஆராய்ச்சியாளர் வழி தவறுவர். ஆகவே நாள், நேரம், இடம், எண்ணிக்கை, நிறம், அலகின் வடிவம், குரல், அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதுதல் வேண்டும். ஐயம் இருப்பின் ‘பருந்து வகை, இனம் தெரியவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. பறவை ஒன்றும் காணப்படாத நாளையும் குறித்தல் நன்று. இல்லாமையும் ஒரு செய்தியே.

பெங்களூரில் இப்பழக்கம் புதிதன்று. ஜோசப் ஜார்ஜ் என்பவரின் முயற்சியால் 1970களில் பறவை நோக்குவோர் குழு ஒன்று உருவாயிற்று. அக்குழுவினர் திரட்டிய குறிப்புகளைக் கொண்டு பெங்களூர்ப் பறவைகளின் விளக்கப் பட்டியல் 1994ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் 2007ஆம் ஆண்டில், நகரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் ‘மைக்ரன்ட் வாட்ச்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வலசைப் பறவையை அப்பருவத்தில் முதன்முதலாகக் கண்ட நாளைப் பொதுமக்களே எழுதி அனுப்புவது அத்திட்டம். இன்று தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாள்களில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடைபெறுகிறது. பிப்ரவரியில் நாடு முழுவதும் நடைபெறும் கணக்கெடுப்பில் பள்ளி மாணவரும் பங்கேற்கலாம்.

அரிய பறவையைக் காண்பதிலும் ஓர் ஒழுக்கம் உண்டு. நெருங்கிச் சென்று விரட்டுதல், ஒலிப்பதிவுக் குரலை ஒலித்து அழைத்தல், ஆந்தையின் கண்ணில் ஒளி பாய்ச்சுதல் ஆகியவை கூடா. நெடுந்தொலைவு பறந்து வந்த உயிர்க்கு ஓய்வும் இரையுமே தேவை.

இறங்க இடம் வேண்டும்

கெம்பேகவுடா பேருந்து நிலையம் உள்ள இடத்தில் முன்பு தர்மாம்புதி ஏரி இருந்தது. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் நிலத்தில் எழுந்தது. எஞ்சிய ஏரிகள் பலவற்றில் கழிவுநீர் கலக்கிறது. பெள்ளந்தூர் ஏரி நுரை பொங்கித் தீப்பற்றிய செய்தியை நாடே அறியும். எனினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. கைகொண்டரஹள்ளி ஏரியை அப்பகுதி மக்களும் மாநகராட்சியும் இணைந்து மீட்டனர், பறவைகளும் திரும்பின.

சத்திமுத்தப் புலவர் வறுமையால் ஊர் நீங்கி மதுரையில் குளிரில் நடுங்கியிருந்தபோது, வானில் சென்ற நாரையை விளித்துத் தம் மனைவிக்குத் தூது விடுத்துப் பாடினார். அந்நாரை தென்கோடியிலிருந்து வடக்கே திரும்புவதையும், வழியில் தம் ஊர்க் குளத்தில் தங்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அந்தக் குளம் இருந்ததால்தான் தூது சொல்ல ஓர் இடம் இருந்தது. ஊர்விட்டு வந்தவருக்கு ஒரு வீடு எவ்வளவு தேவையோ, வலசை வரும் பறவைக்கு ஓர் ஏரி அவ்வளவு தேவை. 

தெரிந்து தெளிவோம்

கிழக்கு ஆசியாவிலிருந்து தென் ஆப்பிரிக்கா வரை செல்லும் அமுர் வல்லூறு, வழியில் நாகாலாந்தில் பெருந்திரளாகத் தங்கும். 2012ஆம் ஆண்டில் அங்கு அவை பெருமளவில் வேட்டையாடப்பட்டன. பாங்தி முதலிய ஊர்களின் மக்கள் அடுத்த ஆண்டே வேட்டையை நிறுத்தினர். 2013ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட மூன்று வல்லூறுகளுள் ஒன்றிற்குப் ‘பாங்தி’ என்றே பெயரிட்டனர்.

சொற்பொருள்

வலசை – இடம்பெயர்தல்
புகலிடம் – தஞ்சம் அடையும் இடம்
விளித்து – அழைத்து
ஐயம் – சந்தேகம்
மெய்ப்பித்தல் – உண்மை எனக் காட்டுதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. ஹெசரகட்டா நீர்த்தேக்கம் __________ ஆற்றின் குறுக்கே அமைந்துள்ளது.
2. பெங்களூர்ப் பறவைகளின் விளக்கப் பட்டியல் __________ஆம் ஆண்டில் வெளிவந்தது.
3. ஆறுமணிக்குருவியின் மற்றொரு பெயர் __________.

ஆ. பிரித்து எழுதுக.
1. புகலிடம்  2. வழித்தடம்  3. நீர்த்தேக்கம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பறவைகள் வலசை வருவதற்கு உரிய காரணம் யாது?
2. வழி தடுமாறி விழுந்த பறவைக்கு எவ்வாறு உதவலாம்?
3. ‘இல்லாமையும் ஒரு செய்தியே’ – இத்தொடரின் பொருளை விளக்குக.

ஈ. விரிவான விடை எழுதுக.
ஹெசரகட்டாப் புல்வெளியைக் காப்பதில் பறவைக் குறிப்புகள் எவ்வாறு உதவின?

உ. மொழியோடு உறவாடு
தமிழில் ‘ஏரி’ என்பதைக் கன்னடத்தில் ‘கெரெ’ என்பர். ‘பறவை’யை ‘ஹக்கி’ என்பர். உன் வகுப்புத் தோழரிடம் கேட்டு, மேலும் ஐந்து பறவைகளின் பெயர்களை இரு மொழிகளிலும் எழுதுக.

ஊ. செயல்பாடு
உன் வீட்டருகே ஒரு வாரம் நாள்தோறும் 15 நிமிடம் பறவைகளை நோக்கி, நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. பெயர் தெரியாத பறவையை வரைந்து, உன் பெற்றோரின் ஊரில் அதனை எப்பெயரால் அழைப்பர் என்று கேட்டு எழுதுக.