பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுது

உலகம் கொண்டாடும் படங்களைத் தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டு, மனசில் பட்டதை நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்து காட்டும் பிள்ளைகள் வத்தலக்குண்டில் இப்போது கூடிவிட்டார்கள். சந்தோஷம். கொடைக்கானல் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் ஊர் என்று வெளியாட்கள் நம்மை நினைக்கலாம். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயரும், 'மணிக்கொடி' பத்திரிகைக்காரர் பி.எஸ். ராமையாவும், 'எழுத்து' பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பாவும் நடந்த தெருக்கள் இவை. செல்லப்பாவின் தலைப்பெழுத்தில் சின்னமனூர் இருக்கிறது என்பதற்காக அவரை நாம் விட்டுக்கொடுத்துவிட மாட்டோம். ஒரு படைப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது எப்படி என்று தமிழில் ஆயுசு முழுக்க மல்லுக்கட்டியவர் அவர். அந்த ஊர் உரிமையில் தம்பி தங்கச்சிகளுக்குச் சில வார்த்தைகள்.

1. பட்டியலைப் பார்த்துப் பயப்படாதே.

பிரிட்டனில் 'சைட் அண்ட் சவுண்ட்' என்றொரு சினிமா பத்திரிகை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் கேட்டு, உலகின் சிறந்த படங்கள் என்று பட்டியல் போடுகிறது. 1952இல் முதலிடம் 'பைசிக்கிள் தீவ்ஸ்'. அப்போது 'சிட்டிசன் கேன்' முதல் பத்திலேயே இல்லை. பிறகு 1962 தொடங்கி 2002 வரை ஐந்து முறையும் அதுதான் முதல். 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அதை இறக்கியது. 2022இல் ஷான்டால் ஆக்கர்மன் என்ற பெண் இயக்குநரின் 'ழான் டீல்மன்' எல்லாவற்றையும் தாண்டி மேலே வந்தது. அது 1975இல் வந்த படம். இத்தனை வருஷத்தில் அந்தப் படங்களில் ஒரு துண்டு பிலிம்கூட மாறவில்லை, பார்த்தவர்கள்தான் மாறினார்கள். ஆகவே, உனக்குச் 'சிட்டிசன் கேன்' பிடிக்கவில்லையென்றால் கூசாமல் எழுது. எங்கே என்ன பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளப் பட்டியலை வைத்துக்கொள். அதற்கு மேல் அதற்கு மரியாதை தேவையில்லை.

2. எழுதிய பிறகு, எந்த இடத்தில் என்று உன்னையே கேட்டுக்கொள்.

விமர்சகர் க.நா.சு.வுக்கும் செல்லப்பாவுக்கும் இதில்தான் வழக்கு. நல்ல வாசகனுக்கு நல்லது எது என்று தெரிந்துவிடும், அதைச் சொன்னால் போதும் என்பது ஏறக்குறைய க.நா.சு.வின் நிலை. பெரிய ரசனைக்காரர், நிறையப் படித்தவர், அவர் சொன்னால் எடுபட்டது. செல்லப்பா விடவில்லை. சொன்னால் போதாது, படைப்பைப் பிரித்துக் காட்டு என்றார். 1959இல் 'எழுத்து' தொடங்கி 1970 வரை இழுத்துக்கொண்டு போனார். கைக்காசு போயிற்று. புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக விற்றார்.

என் தீர்ப்பைக் கேட்டால், முதல் பத்தி க.நா.சு. மாதிரி எழுது, மிச்சத்தைச் செல்லப்பா மாதிரி எழுது. "ஒட்டவே இல்லை" என்று எழுதிவிட்டு, எந்தக் காட்சியில் நீ ஒட்டாமல் விலகினாய், அப்போது திரையில் யார் இருந்தார்கள், கேமரா எங்கே இருந்தது, என்ன சத்தம் கேட்டது என்று எழுதிப் பார். பாதி நேரம் உன் அபிப்பிராயமே மாறிவிடும். மாறாவிட்டால் இன்னும் நல்லது. அப்போது உன்னோடு சண்டை போட வருகிறவனுக்கும் வேலை இருக்கும்.

3. "ரொம்ப ஸ்லோ" என்று எழுதும் முன், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தாயா என்பதை ஒப்புக்கொள்.

மேலே சொன்ன 'ழான் டீல்மன்' 201 நிமிடம். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஒரு விதவை மூன்று நாள் வீட்டுவேலை செய்கிறாள். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இரண்டாம் நாள் அடுப்பில் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. அந்தப் படத்தில் வெடிகுண்டு வெடிக்கும் இடம் அதுதான். முதல் நாளை ஓட்டிவிட்டவனுக்கு அது கேட்காது.

அவ்வளவு தூரம் போவானேன். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' ஒன்றேகால் மணி நேரப் படம். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. மேலூர்ப் பக்கத்துப் பொட்டலில் குடிகார அப்பனும் பையனும் நடக்கிறார்கள். பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டதால் வந்த நடை அது. அந்த வெயில் காலில் ஏற வேண்டுமென்றால் நேரம் ஆகத்தான் செய்யும். நிலக்கோட்டை ரோட்டில் சித்திரை மாசம் பஸ் இல்லாமல் நடந்தவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மெதுவாகப் போகிற படமெல்லாம் நல்ல படம் என்ற மூடநம்பிக்கையும் வேண்டாம். சில படங்கள் இயக்குநருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாததால் மெதுவாகப் போகின்றன.

4. உன் வயசுக்குப் புரியாத படம் உண்டு என்பதை ஏற்றுக்கொள். இதை எழுதுவது கொஞ்சம் நீளும்.

பாலு மகேந்திராவின் 'வீடு' பற்றிப் பத்தொன்பது வயசுப் பிள்ளை ஒன்று, "ஒரு வீடு கட்டுறாங்க, முடிக்கல, அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தது. பொய் இல்லை. 1988இல் வந்த அந்தப் படத்தில் கதை அதுதான். பாட்டு கிடையாது, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசை பின்னணியில் வரும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகும் சுதா, தங்கை, வயசான தாத்தா. இருக்கிற மனையில் சொந்தமாகக் கட்டிவிடலாம் என்று இறங்குகிறாள். பிளான், அப்ரூவல், லோன், காண்டிராக்டர். சிமெண்டு மூட்டை திருட்டுப் போகிற விஷயத்தை வெளிப்படையாகக் கேட்கிறவள் சித்தாள் மங்கம்மா. கடைசியில் குடிநீர் வாரியத்திலிருந்து ஆள் வந்து, இந்த இடம் எங்களுடையது என்கிறான்.

இங்கே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, வில்லங்கம் எடுத்து, நகையை அடகு வைத்துச் செங்கல் இறக்கியவர்களிடம் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டு. பேய்ப் படத்துக்குக்கூட அப்படிப் பயப்பட மாட்டார்கள். சொக்கலிங்க பாகவதர், பழைய நாடக மேடைக்காரர், தாத்தாவாக வருவார். பூசாத சுவர்களுக்கு நடுவே குடையை ஊன்றிக்கொண்டு அறை அறையாக நடப்பார். அவர் தொட்டுப் பார்ப்பது வெறும் செங்கலை. கட்டி முடித்த வீட்டைக் காட்டியிருந்தால் அந்தக் காட்சிக்கு மதிப்பே இல்லை. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு அந்தப் படத்துக்காக தேசிய விருது கிடைத்தது. எனக்கோ இன்றைக்கும் பாகவதர் தொட்ட சுவர்தான் நிற்கிறது.

அந்தப் பிள்ளையின் வரியை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் தேதி போடச் சொன்னேன். நீயும் போடு. ஒரு லோன் எடுத்த பிறகு மறுபடி பார்.

5. விமர்சகர்களுக்குத் தெரியாத, உனக்குத் தெரிந்த விஷயத்தை எழுது.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018இல் வந்தது. ரங்கசாமி மலையில் சுமை தூக்குகிறவன், ஒரு துண்டு நிலம் வாங்கக் காசு சேர்க்கிறான். ஏலக்காய் மூட்டை பிரிந்து பள்ளத்தில் கொட்டும் இடத்தில் வெளிநாட்டு விமர்சகன் உழைப்பைப் பற்றி எழுதுவான். உன் தாத்தா தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கம் காபி மூட்டை சுமந்தவராக இருந்தால், சரிவில் சுமையோடு காலை எப்படி வைக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுவிட்டு, படத்தில் அது சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுது. அது வேறு யாரும் எழுத முடியாத விமர்சனம். "அப்படியே நம்ம ஊரு" என்று எழுதி முடித்துவிடாதே. நம்ம ஊர் மாதிரி இருப்பதால் மட்டும் ஒரு படம் நல்ல படம் ஆகிவிடாது. வாங்கிய நிலம் கைவிட்டுப் போய், அங்கே நட்ட காற்றாலைக்கு அவனே காவல்காரனாக உட்காரும் முடிவுக்குப் படம் நம்மை எப்படிப் படிப்படியாகக் கொண்டுபோகிறது என்று பார்.

6. எல்லாரும் புகழ்கிறார்கள் என்பதற்காகத் திட்டுவதும், எல்லாரும் புகழ்கிறார்கள் என்பதற்காகப் புகழ்வதும் ஒரே வியாதி. இரண்டிலும் நீ படத்தைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்திருக்கிறாய்.

7. வேண்டியவர் என்றால் இன்னும் கறாராக இரு.

ராமையா செல்லப்பாவுக்கு மூத்தவர், ஒரே ஊர், சிநேகிதர். சென்னைக்குப் போய்ச் சினிமாவிலும் வேலை செய்தவர். ஸ்ரீதர் இயக்கிய 'போலீஸ்காரன் மகள்' (1962) அவருடைய நாடகம்தான். செல்லப்பா நினைத்திருந்தால் நட்புக்காக நாலு வார்த்தை புகழ்ந்து எழுதிவிட்டுப் போயிருக்கலாம். 'ராமையாவின் சிறுகதைப் பாணி' என்று தனிப் புத்தகமே எழுதினார், கதைகளை எடுத்து வைத்துக்கொண்டு. நீ எந்த இயக்குநரின் பெயருக்கு முன்னால் 'தலைவன்' போடுகிறாயோ, அவர் படத்தைப் பற்றி அப்படி எழுது. முடியவில்லையென்றால் அவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பற்றி எழுது.

8. கதையிலிருந்து வந்த படமென்றால், வித்தியாசங்களை எண்ணிக்கொண்டு உட்காராதே.

'உதிரிப்பூக்கள்' (1979) புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து வந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் இயக்குநர் மகேந்திரன் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அவருடையது. அது குற்றம் இல்லை. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலை வெற்றிமாறன் படமாக்குவதாக அறிவித்த அன்றைக்கே, புத்தகத்தைத் தொடாதவர்கள்கூட நடிகர் பொருத்தம் பார்த்தார்கள். நீ முதலில் புத்தகத்தைப் படி. ஒரே ஜல்லிக்கட்டு, ஒரே வாடி, ஒரு காரிக் காளை. அதைவிட்டுக் கதை வெளியே போவதே இல்லை. அந்தச் சின்ன இடத்தில் ஒரு முழு நாவலுக்கான பகையும் கௌரவமும் எப்படி அடங்கின என்று பார்த்து வைத்துக்கொண்டால், படம் வரும்போது கேட்க உன்னிடம் நல்ல கேள்வி இருக்கும்.

9. பெரியவர்கள் சொல்வதையும் இதே கணக்கில் எடு.

என் அபிப்பிராயம் ஒன்று சொல்கிறேன். 'வீடு' பெரிய படம், ஆனால் 'உதிரிப்பூக்கள்' அதைவிடப் பெரிய படம். 'வீடு' தப்பு செய்கிறவர்களை வெளியே வைக்கிறது: காண்டிராக்டர், அதிகாரி, ஆபீஸ். 'உதிரிப்பூக்க'ளில் கடைசியில் ஊரே சேர்ந்து கதையின் கொடியவனை ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, நீங்களும் என்னைப்போல் ஆகிவிட்டீர்கள் என்று அவன் சொல்லிவிட்டு இறங்குகிறான். பார்க்கிற நமக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது. நான் சொல்வது தப்பென்றால், 'வீடு' படத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துக் காட்டி மறுத்து எழுதிக்கொண்டு வா.