எழுத்துக்குக் கூலி யார் தருவார்?

கேள்வி: ஐயா, செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை செய்கிறேன். பள்ளி நாள் முதல் கதை, கட்டுரை எழுதுகிறேன். ஞாயிறு பதிப்புகளில் சில வந்திருக்கின்றன. சன்மானம் எதுவும் கிடைத்ததில்லை. வேலையை விட்டுவிட்டு எழுத்தையே தொழிலாக்கலாமா? பணம் தருபவர்களை எங்கே தேடுவது?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: வேலையை இப்போது விடாதீர்கள். எழுதும் தொழிலை மட்டும் இன்றே தொடங்குங்கள்.

பத்திரிகையில் எழுதுவதை நிறுத்த வேண்டாம். பெயர் அங்கேதான் வளரும். ஆனால் சோற்றுக்கு அதை நம்ப முடியாது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுபோனது. பணம் தருபவர் உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறார். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகு விடுபவர், பாசிர் பெனாம்பாங்கில் கடலுணவுக் கடை நடத்துபவர், சிகிஞ்சான் வயலோரம் தங்கும் விடுதி வைத்திருப்பவர். இவர்களில் பலருக்குத் தொழில் தெரியும், அதை நாலு வரியில் சொல்ல ஆளில்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுத முடிந்தால் அதுவே உங்கள் முதலீடு. “வேலை இருக்கிறதா?” என்று கேட்டுப் போகாதீர்கள். அவருடைய விளம்பரத்தையே ஒரு பக்கம் திருத்தி எழுதி, கையில் கொண்டு போங்கள். இலவசம் அந்த ஒரு பக்கத்தோடு சரி.

இன்னொரு வேலை, என் மனத்துக்கு மிக நெருக்கமானது: கோயில் குடமுழுக்கு மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகின்றன. லயத்து மக்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். பால்மரம் வெட்டிய பாட்டி சொல்வதை இன்று எழுதி வைக்காவிட்டால் அந்தத் தோட்டத்துக்கு வரலாறே இருக்காது. மலரை வாழ்த்துச் செய்திகளால் நிரப்பிவிடாமல் எழுத, அந்த வட்டாரத்திலேயே இருக்கும் உங்களைப் போன்றவர்தான் வேண்டும். “கோயில் காரியத்துக்குக் காசா?” என்பார்கள். பந்தல்காரருக்கும் அச்சகத்துக்கும் கொடுக்கிறார்களே, எழுதுபவருக்கு மட்டும் ஏன் கூடாது? தயங்காமல் கேளுங்கள்.

எவ்வளவு கேட்பது? போய்வரும் நேரம், பேட்டி, எழுதுவது, திருத்துவது எல்லாவற்றையும் மணிக்கணக்கில் கூட்டுங்கள். இப்போதைய சம்பளம் மணிக்கு எவ்வளவோ, அதற்குக் கீழே இறங்காதீர்கள். பாதி முன்பணம். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதி என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டு எழுதிக் கொடுத்ததன் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எழுதித் தரச் சொன்னவருக்கே போகும். பாட்டியின் கதையை நாளை உங்கள் புத்தகத்தில் சேர்க்க நினைத்தால், அதற்கென ஒரு வரியை முதலிலேயே சேருங்கள்.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் (எஸ்.எஸ்.எம்.) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. வருமான வரிக்கு இனி பாரம் ‘பி’.

வேலையை விடாதீர்கள் என்றதற்கு ஒரு முன்னுதாரணம் சொல்கிறேன். உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகொன்னியே ஓர் எழுத்தாளர். இந்த மண்ணை வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ நாவல் 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசை வென்றது. அப்போது அவருக்கு வயது 51. தோட்டத் தொழிலில் பொருள் சேர்த்த பிறகே நாவல் வந்தது. துரை எழுதியது பாரிஸ் வரை போயிற்று. லயத்துப் பக்கம் நின்று பார்த்ததை எழுத உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும். அது வரை அடுப்பெரிய ஆலைச் சம்பளம் இருக்கட்டும்.

இந்த மாதமே ஒரு படகுக்காரரையும் ஒரு பள்ளித் தலைமையாசிரியரையும் பாருங்கள். எழுத்து வருமானம் தொடர்ந்து ஆறு மாதம் உங்கள் சம்பளத்தில் பாதியைத் தொட்டால் மறுபடி எழுதுங்கள். வேலையை விடுவதைப் பற்றி அப்போது பேசுவோம்.