உலக மகளிர் மாநாடு: சங்கரன்கோவில் வீட்டிலிருந்தே பார்க்கச் சில குறிப்புகள்

1. ஆண்டுதோறும் மார்ச்சில் நியூயார்க்கில் ஐ.நா.வின் மகளிர் நிலை ஆணையம் கூடுகிறது. முக்கிய அமர்வுகளை ஐ.நா. வெப் டிவியில் காசில்லாமல் பார்க்கலாம். தொண்டு நிறுவனங்களின் இணை அமர்வுகளில் பல ஜூமில் நடக்கும். அதற்கு முன்பதிவு வேண்டும். பட்டியலைப் பார்த்து மலைக்காதீர்கள். வேலையிடத் தொல்லை, குடும்ப வன்முறை என்று நம் தெருவுக்குப் பொருந்துகிற இரண்டை எடுத்துக்கொண்டால் போதும்.

2. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அதற்கு முன், அங்கே காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 8.30, அதற்குப் பின் 7.30. இரண்டுமே தோசை ஊற்றுகிற நேரம். அன்றைக்கு அடுப்படி வேறொருவர் பொறுப்பு என்று முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். ஜூனில் ஜெனீவாவில் கூடும் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு இன்னும் வசதி: அங்கே காலை 10, இங்கே பகல் 1.30.

3. விசைத்தறி ஓடுகிற தெருவில் ஹெட்செட் இல்லாமல் ஒன்றும் கேட்காது. மைக்கை மியூட்டில் வையுங்கள். ஐ.நா. மொழிபெயர்ப்பு ஆறு மொழிகளில்தான்; தமிழ் இல்லை. கல்லூரியில் படிக்கும் பெண்பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவளும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

4. வீட்டிலேயே அடி, மிரட்டல் இருந்தால், தோழி வீட்டிலிருந்து பாருங்கள். பதிவு செய்யும்போது சொந்த விவரம் குறைவாகக் கொடுங்கள், கேமராவை அணையுங்கள். பேச வாய்ப்புக் கிடைத்தாலும் இன்னொரு பெண்ணின் பெயர், ஊர், தெருவைச் சொல்லாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியச் சட்டப்படி குற்றம்.

5. மாநாட்டு அழைப்பு என்று மின்னஞ்சலில் வந்து, நுழைவுக் கட்டணம் கட்டச் சொன்னால் நம்பாதீர்கள். ஐ.நா. தன் கூட்டங்களுக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

6. இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்பவருக்குத் திண்டுக்கல்லைக் காட்டுங்கள். 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரல் ஆலைத் தொழிலாளி ஒருவர், இளம் தலித் பெண், கொல்லப்பட்டார். பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. ஆசியத் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்றும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரலில் ஆலையில் இத்தகைய வன்முறையைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தது. துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டது. பாலினத்தோடு சாதியும் சேர்ந்த கொடுமையை அந்த ஒப்பந்தமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதன்படி தொழிலாளர்களில் இருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்று ஆலைத் தளத்தில் நின்றார்கள். உலக மேடைகளில் வேலையிட வன்முறை பேசப்படும்போது இப்போது 'திண்டுக்கல்' என்ற பெயரும் வருகிறது. நம் பெண்கள் அடைந்ததை நாமே தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

7. 2019இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் நிறைவேறிய, வேலையிட வன்முறைக்கு எதிரான 190ஆம் உடன்படிக்கையைப் பற்றிப் பேச்சு வந்தால் நோட்டை எடுங்கள். வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் தொல்லையும் அதில் அடங்கும். அமைப்புசாராத் தொழிலாளரும் அடங்குவர். இந்தியா இன்னும் ஏற்கவில்லை. எதை ஏற்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

8. கேட்டதை அடுத்த மகளிர் குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். கூடவே இதையும்: பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் அங்கே புகார்க் குழு இருக்க வேண்டும். தறிப்பட்டறை, ஜவுளிக்கடை என்று பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடமானாலும், வீட்டு வேலையானாலும், முதலாளி மீதே புகாரானாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நமக்கு அது தென்காசி. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு 181. எழுதத் தெரியாதவர் தயங்க வேண்டாம். புகாரை எழுத்தில் கொண்டுவர உதவுவது அந்தக் குழுவின் கடமை.