குளியலறையில் ஓர் அடுப்பு

நம் முன்னோர் வீடுகளில் வெந்நீர் அடுப்பு கொல்லைப்புறத்தில் இருந்தது. மூன்று கற்களின்மேல் செப்புத் தவலையை ஏற்றி, தென்னை மட்டையும் பன்னாடையும் இட்டு எரிப்பார்கள். கண்ணைக் கரிக்கும் புகை வானை நோக்கிப் போய்விடும். நீர் காய்ந்ததும் வாளியில் முகந்துகொண்டு குளிக்கும் இடத்திற்குச் செல்வர். அடுப்பு ஓரிடம், குளிப்பவர் வேறிடம். இவ்வேற்பாட்டில் வசதி குறைவுதான். ஆயினும் ஒரு பெரும் பாதுகாப்பு அதில் மறைந்திருந்தது.

இன்று குழாயைத் திருகியதும் வெந்நீர் வருகின்றது. மின்சாரத்தால் நீரைச் சூடாக்கும் கருவிகள் உண்டு. சமையல் வாயுவால் சூடாக்கும் கருவிகளும் உண்டு. பின்னவற்றைக் ‘கேஸ் கீசர்’ என்று மக்கள் வழங்குகின்றனர். கீசர் என்பது ஐஸ்லாந்து நாட்டில் நிலத்தினின்று பீறிட்டெழும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர். இலண்டன் நகரில் வண்ணம் தீட்டும் தொழில் செய்துவந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், 1868ஆம் ஆண்டில் தாம் அமைத்த எரிவாயுக் கருவிக்கு அப்பெயரைச் சூட்டினார். நீர் விரைவில் சூடேறியது. ஆனால் எரிந்த வாயுவை வெளியேற்றப் புகைபோக்கி இல்லை. அதன் பின்னர்க் கருவி எவ்வளவோ திருந்திவிட்டது. எனினும் அந்தப் பழைய குறையை நம் வீடுகளில் நாமே மீண்டும் உண்டாக்கிக்கொள்கிறோம்.

சுவரில் தொங்கும் அச்சிறு பெட்டிக்குள் இருப்பது அடுப்பேயன்றி வேறன்று. குழாயைத் திறந்தால், ஓடிவரும் நீர் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர்ச் சவ்வை அழுத்துகின்றது. அவ்வழுத்தத்தால் வாயு செல்லும் வழி திறக்கின்றது. உடனே பாட்டரியின் துணையால் பொறி தெறித்துத் தீப்பற்றுகின்றது. தீயின்மேல் வளைந்து செல்லும் செப்புக் குழாயினூடே ஓடும் நீர் சூடாகி வெளிவருகின்றது. நீர் நின்றால் சவ்வு பின்வாங்கும், வாயு அடைபடும், தீ அணையும்.

இவ்வடுப்பு எவ்வளவு காற்றை உண்கின்றது? நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரை 25 பாகை செல்சியஸ் அளவு சூடேற்ற, ஏறத்தாழ 7 லிட்டர் வாயு எரிய வேண்டும். அவ்வாயு ஒரு பங்கு முற்றும் எரிவதற்கு 24 முதல் 31 பங்கு வரை காற்று தேவை. ஆக, நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 லிட்டர் காற்று செலவாகின்றது. அமைதியாக இருக்கும் ஒரு மனிதர் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றையே உள்ளிழுக்கின்றார். கீசர் எரியும்போது, இருபத்தைந்து பேர் நம்முடன் அச்சிறு அறையில் நின்று மூச்சு வாங்குகின்றனர் என்றே கொள்ளலாம்! அதிலும், மனிதர் தாம் இழுக்கும் காற்றிலுள்ள பிராணவாயுவில் ஒரு பகுதியையே கொள்வர். தீயோ பெரும்பகுதியையும் கொண்டுவிடும். ஐந்தடி நீளமும் ஐந்தடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள குளியலறையில் இருக்கும் காற்று 5,700 லிட்டருக்கும் குறைவு. குளிருக்கு அஞ்சிச் சன்னலையும் அடைத்துக்கொண்டு ஒருவர் 15 நிமிடம் குளிப்பாராயின், அக்காற்றில் பாதியளவு தீக்கே இரையாகிவிடும்.

பிராணவாயு குறைவற இருக்கும்போது, எரிவதால் நீராவியும் கரியமில வாயுவும் உண்டாகும். அது குறைந்தாலோ, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. சமையல் வாயு கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். அந்நாற்றமும் இயற்கையில் உள்ளதன்று. நாம் அறிவதற்காகச் சேர்க்கப்பட்டது. அடுப்பில் அதுவும் எரிந்துபோகின்றது. ஆதலின் நாற்றம் இல்லை என்று மூக்கை நம்பியிருப்பவர் ஏமாறுவர்.

நம் குருதியிலுள்ள ஈமோகுளோபின் என்னும் பொருளே பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது. அது பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக இந்நச்சுவாயுவைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலை வலிக்கும், குமட்டும், பின்னர்க் கால்கள் துவளும். ‘வெளியே போவோம்’ என்ற எண்ணம் தோன்றும்போது தாழ்ப்பாளை நீக்கும் வலிமை இராது. நெடுநேரமாகியும் வெளிவராதவரைக் கதவை உடைத்து மீட்டனர் என்னும் செய்தியைக் குளிர்காலந்தோறும் நாளிதழ்களில் காண்கிறோம். சுரங்கத் தொழிலாளர்களை இவ்வாயுவினின்று காக்க வழிதேடிய ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர், அதனைத் தாமே சுவாசித்துச் சோதித்தார். அவர் யோசனைப்படி, விரைவில் மயங்கிவிடும் சிறு பறவைகளைக் கூண்டிலிட்டுச் சுரங்கங்களுக்குள் கொண்டுசென்றனர். பிரிட்டனில் இவ்வழக்கம் 1986ஆம் ஆண்டில்தான் கைவிடப்பட்டது.

ஆகவே, கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் பொருத்தி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதே தக்கது. கொல்லைப்புறத்து அடுப்பின் முறையும் இதுவே அன்றோ! ஏற்கெனவே உள்ளே பொருத்தியுள்ள வீட்டில், அது வெளியே மாற்றப்படும் வரையில், கதவைத் திறந்துவைத்து வாளியில் வெந்நீரைப் பிடித்து, கீசரை அணைத்து, அறையில் நன்றாகக் காற்றோட விட்ட பின்னரே குளிக்கச் செல்ல வேண்டும். காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஒன்றிருந்தால் போதும் என்று சிலர் எண்ணுவர். வெளிக்காற்று புக வழியில்லாத அறையில் அவ்விசிறி, புகைபோக்கியின் வழியே செல்லும் நச்சுவாயுவைத் திரும்ப உள்ளே இழுத்துவிடவும் கூடும்.

இனி, கருவியில் நேரும் கோளாறுகள். குழாயைத் திறந்தும் பொறி தெறிக்கும் ஓசை கேட்கவில்லையெனில் பாட்டரி தேய்ந்திருக்கும். அல்லது மேல்நிலைத் தொட்டியின் உயரம் போதாமல், சவ்வை அழுத்தும் விசை நீருக்கு இராது. நீர் நுழையுமிடத்திலுள்ள சல்லடையில் துருவும் மண்ணும் அடைத்திருப்பதும் உண்டு. ஓசை கேட்டும் தீப்பற்றவில்லையெனில் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். மீண்டும் மீண்டும் முயன்றால் எரியாத வாயு அறையில் தேங்கும். சற்றுப் பொறுத்தே முயல வேண்டும். வாயு கசிகின்றதோ என்ற ஐயம் எழுந்தால் சோப்புநீரைத் தடவிப் பாருங்கள். குமிழ் எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சியைக் கொளுத்துவதோ மின்விளக்கின் பொத்தானைத் தொடுவதோ கூடாது. சிலிண்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம்.

தீ நீலநிறமாக இருத்தல் வேண்டும். மஞ்சள் நிறம் கண்டாலும், பெட்டியின்மேல் கரி படிந்தாலும், அன்றே பயன்படுத்துவதை நிறுத்திப் பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டும். தூசியும் சிலந்தி வலையும் துளைகளை அடைத்திருக்கலாம். சில கருவிகள், பிராணவாயு குறைந்ததும் தாமே அணைந்துவிடும் அமைப்பு உடையவை. ‘இஃது அடிக்கடி அணைகின்றதே’ என்று சலித்து, அவ்வமைப்பைத் துண்டித்துவிடச் சொல்லும் வீட்டாரும் உண்டு. வீட்டைக் காக்கக் குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவது போன்றது அது.

ஒருவர் மயங்கிக் கிடக்கக் கண்டால், மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து அவரைத் திறந்தவெளிக்குத் தூக்கி வரவேண்டும். 108க்கு அழைக்க வேண்டும். வெளிக்காற்றிலே இருப்பினும் குருதியில் ஏறிய நச்சில் பாதி நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய பிராணவாயு அளித்தால் ஒன்றரை மணிக்குள் அவ்வளவு நீங்கும். விரலில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைக் காட்டும் சிறு கருவி, இந்நச்சுவாயுவையும் பிராணவாயு என்றே கொண்டு நல்ல எண்ணைக் காட்டும். அவ்வெண்ணைப் பார்த்து, மயங்கி எழுந்தவரை வீட்டிலேயே படுக்க வைத்துவிடலாகாது.