கொல்லிமலைக்குக் கேமராவோடு போகிறீர்களா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. பாலைவன மணற்பாறை அரிபட்டு அரிபட்டு உருவான இயற்கை வளைவுகள் அங்கே 2000-க்கு மேல். அவ்வளவு தூரம் போக வழியில்லாதவர்கள் திருமலைக்குப் போனால் சிலாதோரணம் என்ற இயற்கைப் பாறை வளைவைப் பார்க்கலாம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலோ லேசில் அரிபடாத சார்னோகைட் பாறைதான் அதிகம். தோரணம் தேடி வந்தால் ஏமாற்றம்தான். செங்குத்துப் பாறையும், அதில் விழும் ஆகாய கங்கை அருவியும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். படம் எடுக்கவென்று நடப்பவருக்குப் பாலைவனத்தில் மணல் தொல்லை, இங்கே ஈரத்தின் தொல்லை. கிளம்பும் முன் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டியவை நிறைய.

1. புது ஷூவை மலையில்தான் முதலில் போடுவேன் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒரு வாரம் வீட்டிலும் கடைத்தெருவிலும் போட்டுப் பழகிவிடுங்கள். பரணில் கிடந்த பழைய ஷூ என்றால் கையால் நன்றாக வளைத்துப் பாருங்கள். பசை விட்டிருந்தால் அடிப்பாகம் வாய் பிளக்கும். படியில் பிளப்பதைவிட வீட்டில் பிளப்பது மேல்.

2. முதல் நாள் இரவே கால் நகத்தை வெட்டிவிடுங்கள். அருவிக்கு 1000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பாதம் முன்னால் சரிந்து கட்டைவிரல் ஷூவில் இடிக்கும். நகம் நீண்டிருந்தால் மறுநாள் கறுத்துப்போயிருக்கும்.

3. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். பூரி, பொங்கல் வேண்டாம்; இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாந்தி வருபவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும். செல்போனில் வளைவு எத்தனை என்று எண்ணி வீடியோ எடுக்கிறவர்தான் முதலில் ஜன்னலைத் தேடுவார்! இஞ்சி மொரப்பா ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டால் பலருக்குக் கேட்கிறது.

4. காரில் ஏசி போட்டுக்கொண்டே மேலே வந்து, இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் பனித்துவிடும். துடைத்தாலும் மறுபடி பனிக்கும். கடைசிப் பத்துப் பதினைந்து வளைவுகளுக்கு ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மறந்துவிட்டால் பையைத் திறக்காமல் இருபது நிமிடம் அப்படியே விட்டுவையுங்கள். அதற்குள் அறப்பளீசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

5. பையில் கனம் குறைய வேண்டும். இங்கே போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். களைத்த பிறகுதான் கஷ்டமான பாதி வருகிறது. ஒரு லென்ஸ், ஒரு மாற்று பேட்டரி, ஒரு பழைய நூல் துண்டு, தண்ணீர் போதும். ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கி, பாதியை ஏற்றத்துக்கென்று மிச்சம் வையுங்கள். எலுமிச்சை பிழிந்தால் குழந்தைகளும் குடிப்பார்கள்.

6. பாலிதீன் பை வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தவிரவும், சரசரக்கும் பையைக் கண்டால் குரங்கு விடாது. தின்பண்டத்தை டிபன் பாக்ஸில் போட்டு, பைக்குள் அடியில் வைத்து, ஜிப்பை மூடிவிடுங்கள்.

7. படம் எடுக்கும்போது. ஆகாய கங்கை சுமார் 300 அடி. ஆனால் வெறும் அருவியை மட்டும் எடுத்தால் வீட்டுக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் வடிகிற மாதிரி இருக்கும். ஓரமாக ஒரு ஆள் நிற்கட்டும்; அப்போதுதான் உயரம் புரியும். வெள்ளைத் தண்ணீரும் கறுப்புப் பாறையும் ஒரே சட்டத்தில் வருவதால் செல்போன் தடுமாறி, தண்ணீரை வெறும் சுண்ணாம்பாக்கிவிடும். திரையில் தண்ணீரின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். தாரை தாரையாகப் பிரிந்து தெரியும். கேமராக்காரர்கள் ஷட்டரைக் கால் நொடிக்கு வைத்தால் பட்டுநூல் போல வருகிறது. அதற்கு ட்ரைபாட் வேண்டும். என்னைக் கேட்டால் தண்ணீரின் வேகம் தெரியும் படமே அழகு.

நேர் எதிரே நின்றால் சாரல் அடித்து லென்ஸ் முழுக்கத் துளி. பக்கவாட்டில் நில்லுங்கள், இல்லாவிட்டால் குடையை அருவிப் பக்கம் சாய்த்துப் பிடிக்க ஒருவரைக் கூட்டிப் போங்கள். பாசி படிந்த பாறையில் ஏறி செல்ஃபி எடுப்பவர் வீட்டில் சொல்லிவிட்டு வந்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

8. சிலாதோரணத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. சுமார் 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், சுற்றிலும் வேலி. லென்ஸைக் கம்பி இடைவெளியில் ஒட்டினாற்போல் வைத்தால் கம்பி படத்தில் விழாது. வளைவின் ஓட்டை வழியே வெளிச்சம் தெரியும் கோணம் கிடைக்கும்வரை குனிந்தும் நகர்ந்தும் பாருங்கள். அது தெரியாவிட்டால் படத்தில் வெறும் பாறைதான். தொடவும் ஏறவும் ஆசைப்பட வேண்டாம். யூட்டாவில் வால் ஆர்ச் என்ற பெரிய வளைவு 2008 ஆகஸ்டில் தானாகவே இடிந்து விழுந்தது.

9. பெருமழைக்குப் பின் வெள்ளம் வந்தால் வனத்துறை அருவியை மூடிவிடும். மாலையிலும் இறங்க விடமாட்டார்கள். மலைமேல் செம்மேட்டில் டீ குடிக்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டை ஒட்டி இங்கே மன்னன் வல்வில் ஓரிக்கு விழா நடக்கும்; கூட்டத்தைப் படம் எடுக்க அருமையான நாள், அருவியை எடுக்க இல்லை.

10. செல்போன் தண்ணீரில் விழுந்தால் உடனே அணைத்து, துடைத்து, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி காற்றில் வையுங்கள். அரிசிப் பானையில் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். தவிடும் மாவும் துளைக்குள் போகும். ஆப்பிள் நிறுவனமே 2024-இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கேமராவை வீடு வந்ததும் பையிலேயே வைத்துப் பூட்டினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஒருநாள் காற்றாட வைத்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில், மாத்திரை பாட்டிலில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடுங்கள்.

11. நனைந்த ஷூவை வெயிலில் காயவைத்தால் பசை விடும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள்.

12. சோளக்காட்டுச் சந்தையில் பலா வாங்கினால் கேமராப் பையோடு சேர்த்து வைக்காதீர்கள். பால் பட்டால் போகாது. அறுக்கும் முன் கைக்கும் கத்திக்கும் தேங்காய் எண்ணெய். மிளகு வாங்கினால் பல்லில் கடித்துப் பாருங்கள். நறுக்கென்று உடையாமல் மெத்தென்றிருந்தால் இரண்டு வெயில் காட்டிய பிறகு டப்பாவில் போடுங்கள்.